பெரிய பிள்ளைகளோடு தீம் பார்க்: கொச்சியா, பிடதியா, மேட்டுப்பாளையமா?

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறையில் இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. கேரளத்துக்குள் இறங்கினால் கொச்சி வொண்டர்லா. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர். ரயில் ஏறினால் பெங்களூருக்கு அந்தப் பக்கம் பிடதியில் இன்னொரு வொண்டர்லா. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் எது மலிவோ அதற்குப் போனோம். அவர்களும் மறுபேச்சு இல்லாமல் வந்தார்கள். இப்போது மகனும் மருமகளும் பெங்களூரு வைட்ஃபீல்டில், மகளும் மாப்பிள்ளையும் கொச்சி காக்கநாட்டில், நானும் என் வீட்டுக்காரரும் இங்கே. பொங்கல் முடிந்த கையோடு ஆறு பேருமாக ஒரு தீம் பார்க் போவது என்று பேச்சு. எங்கே என்பதில்தான் குடும்ப வாட்ஸ்அப் குழு சூடாகிக் கிடக்கிறது.

எந்த பார்க்கில் எத்தனை ரைடு, எது எத்தனை அடி உயரம் என்று மகன் ஒரு பட்டியல் போட்டு அனுப்பினான். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அந்தப் பட்டியல் சரி. கல்யாணமான பிள்ளைகளையும் அவர்கள் துணைகளையும் சேர்த்துக்கொண்டு போகிறவர்கள் அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. போகிற ஊர் யார் வீட்டுக்குப் பக்கம்? அங்கே யார் விருந்து வைக்க வேண்டியிருக்கும்?

கொச்சி என்றதும் மகளிடமிருந்து வந்த முதல் குரல் பதிவு இது: "அம்மா, ஓட்டல்ல எல்லாம் ரூம் போடக் கூடாது. நம்ம வீட்டுலதான் தங்கணும். இவங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?" பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அது இரண்டு படுக்கையறை ஃபிளாட். காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து அவள் இட்லி ஊற்றிக்கொண்டிருப்பாள். மருமகள் உதவட்டுமா, வேண்டாமா என்று தெரியாமல் அடுப்படி வாசலில் நிற்பாள். மாப்பிள்ளை ஹாலில் பாய் விரித்துப் படுத்து முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். ஒரே ஒரு குளியலறையில் வெந்நீருக்கு வரிசை. பார்க் திறக்கிற நேரத்துக்கு நிற்க வேண்டியவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேருவோம். சாயங்காலம் திரும்பி வந்தால் ஆறு பேரின் ஈரத்துணியையும் அவள்தான் மெஷினில் போட வேண்டும். அவளுக்கு இது விடுமுறையா?

இந்த ஒரு காரணத்துக்காக, பக்கமாக இருந்தும் கொச்சியை நான் மூன்றாம் இடத்தில் வைக்கிறேன். பார்க்கைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வி-கார்டு நிறுவனர் கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி 2000-இல் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கியது அதுதான். எங்கள் வயதுக்காரர்கள் பாதிப் பேர் வாயில் இன்னும் வீகாலேண்ட் என்றுதான் வரும். பள்ளிக்கரையில் குன்றின் மேல், மரங்கள் நிறைந்த இடம். இங்கிருந்து கொல்லங்கோடு, நெம்மாறை வழியாக வடக்கஞ்சேரியில் நெடுஞ்சாலையைப் பிடித்தால் சுமார் 150 கிலோமீட்டர். முன்பெல்லாம் குதிரானில் லாரிகளுக்குப் பின்னால் மணிக்கணக்காக நிற்க வேண்டும். 2021-இல் ஒரு சுரங்கப்பாதையும் அடுத்த வருடம் இன்னொன்றும் திறந்ததிலிருந்து அந்தத் தொல்லை விட்டது. காலையில் கிளம்பி ராத்திரி வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்வதும் உண்மைதான். ஆனால் நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறியவர், ராத்திரியில் அந்த 150 கிலோமீட்டரை ஓட்டிக்கொண்டு வருவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தேதி விஷயத்தில் கொச்சிக்கு ஒரு தனி லாபம் இருக்கிறது. எல்லையில் இருக்கிறவர்களுக்கு இது புரியும். பொங்கலுக்குக் கேரளத்தில் திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டை, இடுக்கி, பாலக்காடு, வயநாடு ஆகிய ஆறு மாவட்டங்களுக்குத்தான் உள்ளூர் விடுமுறை. கொச்சி இருக்கும் எறணாகுளம் அதில் இல்லை. தமிழ்நாட்டு பார்க்குகளில் காணும் பொங்கலன்று கால் வைக்க இடமிருக்காது. அது சனி ஞாயிறில் விழாவிட்டால், அதே நாள் கொச்சியில் சாதாரண வேலை நாள். வார நாள் டிக்கெட் விலை, வரிசையும் குறைவு. சாலையில் மட்டும் மகரவிளக்குக்குப் போய்த் திரும்பும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இதன் மறுபக்கம், எறணாகுளத்தில் லீவு இல்லை என்பதால் மாப்பிள்ளை எங்கே போவதாக இருந்தாலும் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். அவருடைய லீவுதான் இந்தக் கணக்கு முழுவதையும் ஆட்டிவைக்கிறது.

கொச்சிதான் என்று பிடிவாதமாக இருக்கும் குடும்பங்களுக்கு என் யோசனை: மகள் வீட்டில் ஒரு வேளை சாப்பிடுங்கள், ஓட்டலில் தூங்குங்கள். மகளுக்கு மனக்கஷ்டம் இருந்தால் அவளையும் மாப்பிள்ளையையும் அதே ஓட்டலுக்கு வரச் சொல்லுங்கள். சொந்த ஊரிலேயே ஓட்டலில் தங்குவது வீண் செலவு என்று தோன்றும். ஆனால் பாத்திரம் கழுவாமல் இரண்டு நாள் இருப்பதற்கு அந்த வாடகை தகும். மறுநாள் ரைடு பிடிக்காதவர்கள் 2023-இல் ஓடத் தொடங்கிய வாட்டர் மெட்ரோவில் ஹைகோர்ட் படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சி போய் வரலாம். காயல் காற்று, குளிர்சாதனப் படகு, முட்டிக்கு வேலை இல்லை.

அடுத்தது பிடதி. தூரத்தைப் பார்த்தால் இது கடைசியில் வர வேண்டியது. நான் முதலில் வைக்கிறேன். 2005-இல் திறந்த இந்த வொண்டர்லா, பெங்களூரிலிருந்து மைசூரு போகும் சாலையில் நகரத்தை விட்டு 28 கிலோமீட்டர் வெளியே இருக்கிறது. பார்க்கை ஒட்டியே அவர்களுடைய ரிசார்ட்டும் உண்டு. இந்த ரிசார்ட்தான் எனக்கு முக்கியம். ஆறு பெரியவர்கள் காலை முதல் மாலை வரை ஒன்றாகவே அலைந்தால் மூன்று மணிக்கு மேல் யாருக்காவது முகம் சுருங்கும். அறை பக்கத்தில் இருந்தால் எனக்கு முட்டி வலித்ததும் நான் போய்ப் படுத்துவிடுவேன். என் வீட்டுக்காரர் மத்தியானத் தூக்கத்தை விட மாட்டார். இளசுகள் நான்கு பேரும் எங்களுக்காகக் காத்திருக்காமல், 'அம்மா தனியா உட்கார்ந்திருப்பாங்களே' என்ற உறுத்தலும் இல்லாமல் சுற்றலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடினால் போதும். வளர்ந்த பிள்ளைகளோடு போகும்போது சேர்ந்திருக்க இடம் பார்ப்பதைவிட, யார் மனமும் நோகாமல் பிரிந்திருக்க இடம் பார்ப்பதுதான் கஷ்டம்.

அப்படியானால் மருமகளுக்கு விருந்து வைக்கும் வேலை வராதா என்று மகள் கேட்டாள். வராது. வைட்ஃபீல்ட் நகரத்தின் கிழக்கு ஓரம், பிடதி தென்மேற்கே. நடுவில் பெங்களூரு டிராஃபிக் மொத்தமும் கிடக்கிறது. 'வீட்டுக்கு வந்துட்டுப் போங்க அத்தை' என்று மருமகள் வாயால் சொல்லலாமே தவிர, நடக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

போக்குவரத்தும் முன்போல் இல்லை. 2025 நவம்பரிலிருந்து எறணாகுளம்–பெங்களூரு வந்தே பாரத் பாலக்காடு வழியாக ஓடுகிறது. மகளும் மாப்பிள்ளையும் எறணாகுளத்தில் ஏறி வரும் வண்டியிலேயே நாங்கள் பாலக்காட்டில் ஏறிக்கொள்ளலாம். இதில் ஒரு சிக்கல்: போகும்போது மதியம் கிளம்பி இரவு பதினொரு மணி வாக்கில்தான் பெங்களூரு சேர்கிறது, திரும்பும்போது அங்கே விடிகாலை ஐந்தரைக்குள் கிளம்பிவிடுகிறது. பிடதியில் தங்கிவிட்டு அந்த வண்டியைப் பிடிக்க நடுச்சாமத்தில் எழுந்திருக்க வேண்டும். ஆகவே போவதற்கு இந்த வண்டி, வருவதற்கு மதியத்துக்கு மேல் பெங்களூரு கன்டோன்மென்டில் புறப்பட்டு ராத்திரி கோவை சேரும் மற்ற வந்தே பாரத் என்று பிரித்துக்கொள்வது நல்லது. கோவையிலிருந்து எங்களுக்கு வீடு பக்கம். மகளுக்கு மட்டும் கூடுதல் அலைச்சல், அவள் ஒரு ராத்திரி எங்களோடு தங்கிவிட்டுப் போகட்டும். அம்மா வீட்டில் தங்க எந்த மகளுக்கும் கசக்காது.

பிடதியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் அங்கே காலை நேரம் குளிர். வெயில் ஏறிய பிறகு தண்ணீரில் இறங்கினால் போதும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். சங்கராந்தி கர்நாடகத்திலும் விடுமுறை, அன்றைக்குப் போகவே கூடாது. ரைடு ஏறாதவர்களுக்கு பார்க்குக்கு வெளியே பொழுதுபோக்கு குறைவு. ராமநகரத்தில் ஜானபத லோகா என்ற நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது, சன்னபட்டணத்தில் மரப்பொம்மை வாங்கலாம், அவ்வளவுதான். சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. பிடதி தட்டு இட்லி பேர்போனது. ஒன்றே ஒரு தட்டளவு இருக்கும், இரண்டு சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும். வெளிச் சாப்பாட்டை பார்க்குக்குள் விட மாட்டார்கள் என்பதால் காலையில் இப்படி நிரப்பிக்கொண்டு போவது பர்ஸுக்கும் நல்லது.

மேட்டுப்பாளையத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலிருந்து கோவை வழியாக இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடும். பிளாக் தண்டர் நீலகிரி அடிவாரத்தில் ஊட்டி சாலையில் இருக்கிறது, தங்க அறைகளும் உண்டு, பெங்களூருக்காரருக்கும் இல்லை கொச்சிக்காரருக்கும் இல்லை என்ற பொதுவான இடம். விருந்து வைக்கும் பிரச்சினையே எழாது. ஆனால் ரைடு ஆசையோடு வரும் முப்பது வயதுக்காரர்களுக்கு இங்கே மத்தியானத்தோடு சலித்துவிடும். தண்ணீர் விளையாட்டுகள் நன்றாக இருக்கும், வயிற்றைக் கலக்கும் சமாச்சாரங்கள் வொண்டர்லா அளவுக்கு இல்லை. மாப்பிள்ளை ரோலர் கோஸ்டர் பைத்தியம். அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இங்கே என்னை இழுப்பது பார்க்கைவிட மலை ரயில்தான். காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, பற்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குன்னூர் ஏறி, 46 கிலோமீட்டரை முடிக்க மத்தியானம் வரை எடுத்துக்கொள்ளும் வண்டி அது. 16 குகைகள், 250 பாலங்கள். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஒரு நாள் பார்க், ஒரு நாள் ரயில் என்று போட்டால் ஆறு பேருக்கும் ஏதோ ஒன்று பிடித்துப்போகும். காரில் ஊட்டி போவதாக இருந்தால் 2024 மே முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும், ரயிலுக்கு அந்தத் தலைவலி இல்லை. டிக்கெட் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. குடும்பத்தில் யாராவது கர்ப்பமாக இருந்தாலோ, இதயம், முதுகு என்று தொந்தரவு உள்ளவர்கள் அதிகம் இருந்தாலோ, தயங்காமல் மேட்டுப்பாளையத்தை முதலில் வைத்துக்கொள்ளலாம்.

கர்ப்பம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. பெரிய ரைடு எல்லாவற்றின் வாசலிலும் ஒரு பலகை இருக்கும்: கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், ரத்த அழுத்தம், முதுகுவலி உள்ளவர்கள் ஏறக் கூடாது என்று. கல்யாணமாகிக் கொஞ்ச காலம் ஆன மருமகள் அந்தப் பலகையருகில் நின்று "நான் வரல, நீங்க போங்க" என்று சொன்னால் போதும், மொத்தக் குடும்பத்தின் கண்ணும் அவள் மேல் போகும். மாமியார் சிரிப்பாள், நாத்தனார் 'என்ன விசேஷம்?' என்பாள். அந்தப் பெண்ணுக்கு வெறும் உயரப் பயமாக இருக்கலாம். அல்லது உண்மையிலேயே விசேஷமாக இருந்து, இன்னும் சொல்ல வேண்டாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் வைத்திருக்கலாம். அல்லது கிடைக்கவில்லையே என்ற ஏக்கமாகக்கூட இருக்கலாம். எங்கள் வீட்டில் கிளம்பும் முன்பே நான் போட்டிருக்கும் ஒரே சட்டம் இதுதான்: யார் எந்த ரைடில் ஏறவில்லை என்றாலும் யாரும் காரணம் கேட்கக் கூடாது. ஆண்களுக்கும் சேர்த்துத்தான். மாப்பிள்ளை ஏறும்போது மகன் ஏறாவிட்டால் அதை வைத்து ஒரு வருடம் கேலி செய்வார்கள் என்று அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவான்.

அப்புறம் உடை. வொண்டர்லாவில் நீர் விளையாட்டுகளுக்குப் பருத்தித் துணி ஆகாது. நைலான், லைக்ரா போன்ற துணிதான் வேண்டும். புடவையோடு தண்ணீரில் இறங்க முடியாது. இளம்பெண்கள் ஆன்லைனில் முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை வாங்கிக்கொள்கிறார்கள். என் வயதில் மாப்பிள்ளைக்கு முன்னால் நனைந்த உடையோடு நிற்பது எனக்கு ஒத்துவராது. மருமகளுக்கும் மாமனார் முன்னால் அப்படித்தான் இருக்கும், அவள் சொல்ல மாட்டாள். அதனால் மதியம் தண்ணீர்ப் பக்கம் போகும்போது ஆணும் பெண்ணும் தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்துவிடுவது எல்லோருக்கும் நிம்மதி. மகளும் மருமகளும் நெருங்கிப் பழக அது ஒரு வாய்ப்பும்கூட. மெட்டியையும் வளையலையும் அறையிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். சறுக்கும்போது மெட்டி சிக்கினால் விரலுக்குத்தான் சேதம். தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராதவர்கள் உடைக்குள் விட்டு இரண்டு ஊக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் கட்டும் நாடா ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் பற்றி எந்தக் குடும்பமும் வெளிப்படையாகப் பேசுவதில்லை, அதனாலேயே இங்கேதான் வருத்தம் வரும். கொங்குப் பக்கத்துப் பழக்கப்படி மாமனார் இருக்கும்போது மாப்பிள்ளை பர்ஸை எடுக்கக் கூடாது. ஆனால் மாப்பிள்ளையின் ஒரு மாதச் சம்பளம் என் வீட்டுக்காரரின் பென்ஷனைவிடப் பல மடங்கு. பில் வரும்போதெல்லாம் மூன்று ஆண்கள் 'நான் கொடுக்கிறேன்' என்று கையைப் பிடித்து இழுப்பதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. செலவை ஆறாகப் பிரித்து ஆளுக்கு இவ்வளவு என்று கேட்பதும் நம் வீடுகளில் எடுபடாது. பொருளாகப் பிரித்துவிட்டால் பேச்சே வராது: அறை பெற்றவர்களுடையது, பார்க் டிக்கெட் மகனுடையது, ரயிலும் சாப்பாடும் மாப்பிள்ளையுடையது. யார் கொடுத்தது அதிகம் என்று யாரும் கூட்டிப் பார்க்காத அளவுக்கு இது குழப்பமாக இருப்பதுதான் இதன் நல்ல குணம்.

டிக்கெட்டில் மிச்சம் பிடிக்க இடம் உண்டு. வொண்டர்லாவில் வார நாளுக்கு ஒரு விலை, வார இறுதிக்கும் விடுமுறைக்கும் வேறு விலை. மூத்த குடிமக்களுக்குக் குறைவு, வயதுச் சான்று கையில் இருக்கட்டும். வரிசையில் நிற்காமல் போகும் ஃபாஸ்ட் டிராக் டிக்கெட்டை ஆறு பேருக்கும் வாங்காதீர்கள். வார நாளில் அது யாருக்குமே தேவைப்படாது. கூட்ட நாளில் பெரிய ரைடு ஏறும் நான்கு பேருக்கு மட்டும் போதும். நுழைவுச்சீட்டே எல்லா ரைடுக்கும் சேர்த்துத்தான் என்பதால், பை காப்பதற்காக மட்டும் ஒருவர் உள்ளே வருவது முழுச் செலவு. லாக்கர் எடுப்பது மலிவு.

மற்ற யோசனைகளும் குழுவில் வந்தன. சென்னைக்குப் பக்கத்தில் திருப்போரூர் அருகே 2025 டிசம்பரில் புது வொண்டர்லா திறந்திருக்கிறது. ஆசைதான், ஆனால் எங்களுக்கு 500 கிலோமீட்டருக்கு மேல், மூன்று ஊர்க்காரர்களுக்கும் தூரம். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் என்றான் மகன். கோவையிலிருந்து நேராக விமானம் இருக்கிறது என்று ஆதாரமும் காட்டினான். ஆறு விசாவுக்கும் மாப்பிள்ளையின் ஒரு வார லீவுக்கும் பொங்கல் சமயம் சரிப்படாது. அதிரப்பள்ளிப் பக்கம் இருக்கும் சில்வர் ஸ்டார்ம் பார்க், அருவி பார்க்கிறவர்களுக்கு நல்ல ஜோடி, ஆனாலும் அது கொச்சி போகும் வழிதான். மகள் வீட்டுக்கு வராமல் திரும்பினோம் என்று கோபம் வரும். மலம்புழா ஃபேண்டஸி பார்க் ஒரு சாயங்காலத்துக்கு. மலம்புழா அணையைத் திறந்து வைத்தவர் காமராஜர், பாலக்காடு சென்னை மாகாணத்தில் இருந்த 1955-இல். வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லாமல் விட மாட்டார், மாப்பிள்ளையும் முதல் முறை கேட்பதுபோலத்தான் கேட்பார்.

ஆக, பிடதி, இரண்டு ராத்திரி, மூன்று அறை என்று நான் குழுவில் போட்டுவிட்டேன். பொங்கல் இங்கே, மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் ரயில். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும் என்பதால் நவம்பர் நடுவில் காலை எட்டு மணிக்கு யாராவது போனும் கையுமாக உட்கார வேண்டும். அந்த வேலை மருமகளுக்கு. எங்கள் வீட்டில் தட்கல் பிடிக்கத் தெரிந்தவள் அவள்தான். மாப்பிள்ளைக்கு அதற்குள் லீவு கிடைக்கவில்லை என்றால் மேட்டுப்பாளையம், சனி ஞாயிறு.